எம்புட்டு ஆகும்? ஒரு கேள்விக்கு 93 வருஷம்

ஆறு மாசம் தங்கிட்டுப் போகலாம்னு அம்மா அமெரிக்கா வந்திருந்தாங்க. மூணாவது வாரமே முழங்கால் வலி. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிட்டார். இன்ஷூரன்ஸ் கிடையாது, கைக்காசுதான். ஸ்கேன் சென்டருக்குள்ள நுழைஞ்சதும் அம்மா கேட்டாங்க: "எம்புட்டுப்பா ஆகும்?"

"அதெல்லாம் இங்க கேக்க மாட்டாங்கம்மா"ன்னு அடக்கிட்டேன். தப்பு என் மேலதான். ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்குவோம்.

1929, டல்லாஸ். பேய்லர் ஆஸ்பத்திரியை நிர்வாகம் பண்ணின ஜஸ்டின் ஃபோர்டு கிம்பால், பள்ளிக்கூட ஆசிரியர்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தார். மாசம் 50 சென்ட் கட்டினா 21 நாள் வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு அதுலயே அடக்கம். பின்னாடி வந்த ப்ளூ கிராஸுக்கு விதை இதுதான். 1942ல, உலகப் போர் சமயம், சம்பளத்தை ஏத்தக் கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. கம்பெனிகள் ஆள் பிடிக்க, சம்பளத்துக்குப் பதிலா இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிச்சது. 1954 வரிச் சட்டம் அதுக்கு வரிவிலக்கும் உறுதி பண்ணிடுச்சு.

நல்ல விஷயம்தான். ஆனா வைத்தியம் பாத்துக்கிறவர் ஒருத்தர், காசு கட்டுறவர் இன்னொருத்தர்னு ஆகிப் போச்சு. வாங்குறவரே விலை கேக்கலைன்னா கடைக்காரர் எதுக்கு விலைப் பலகை மாட்டணும்?

ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் 'சார்ஜ்மாஸ்டர்'னு ஒரு பட்டியல் உண்டு. ஆயிரக்கணக்கான ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதுல பேரம் பேசித் தள்ளுபடி வாங்கும். பேரம் பேச ஆள் இல்லாத, இன்ஷூரன்ஸே இல்லாத மனுஷனுக்குத்தான் முழு விலைப் பில் போகும். இல்லாதவனுக்குத்தான் அதிக விலை!

1986ல எம்டாலான்னு ஒரு சட்டம் வந்துச்சு. அவசர சிகிச்சைக்கு வந்தவரை, காசு இருக்கா இல்லையான்னு பாக்காம பரிசோதிச்சு, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலைக்குக் கொண்டு வரணும். பெரிய சட்டம்தான். ஆனா பில் எவ்வளவு வரலாம்ங்கிறதைப் பத்தி அது பேசல.

அடுத்த கொடுமை 'நெட்வொர்க்'. ஆஸ்பத்திரி உங்க இன்ஷூரன்ஸோட ஒப்பந்தத்துல இருக்கும், உள்ள இருக்கிற டாக்டர் இருக்க மாட்டார். அவர் தனியா ஒரு பில் அனுப்புவார். ஒப்பந்தத்துல இருக்கிற ஆஸ்பத்திரிகளோட அவசரப் பிரிவுக்குப் போனவங்கள்ல 22% பேருக்கு இந்த மாதிரி வெளி டாக்டர் வாய்ச்சாங்கன்னு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு "சார், நீங்க எந்த நெட்வொர்க்?"னு கேக்க முடியுமா?

நியூயார்க் மாநிலம் 2014லயே இதுக்குச் சட்டம் போட்டுச்சு. நாடு முழுக்க கொண்டு வரலாம்னு 2019ல பேச்சு வந்ததும், பெருமுதலீட்டு நிறுவனங்கள் கையில இருந்த டாக்டர் கம்பெனிகளோட பணத்துல டிவியில எதிர்ப்பு விளம்பரம் ஓடுச்சு. செலவு 2.8 கோடி டாலருக்கு மேல. ஆஸ்பத்திரிகள் பேரம் பேசின விலைகளை இணையத்துல போடணும்னு வந்த விதியை எதிர்த்து, ஆஸ்பத்திரிகளோட சங்கம் கோர்ட்டுக்கே போச்சு. 2020ல தோத்தாங்க. 2021 ஜனவரி 1ல அந்த விதி அமலுக்கு வந்துச்சு.

2020 டிசம்பர் 27. கொரோனா நிவாரணமும் பட்ஜெட்டும் சேர்ந்த ஒரு பிரம்மாண்டமான மசோதாவுக்குள்ள 'நோ சர்ப்ரைசஸ்' சட்டமும் பாஸாச்சு. 2022 ஜனவரி 1 முதல் அமல். அவசர சிகிச்சையில வெளி டாக்டர் பாத்தாலும், உள் நெட்வொர்க் அளவுக்குத்தான் உங்க பங்கு. மீதிச் சண்டையை இன்ஷூரன்ஸும் டாக்டரும் போட்டுக்கட்டும். கைக்காசுக்காரங்களுக்கு முன்கூட்டியே எழுத்துல மதிப்பீடு கொடுக்கணும். அதைவிட 400 டாலரோ அதுக்கு மேலயோ பில் எகிறினா, பில் வந்த 120 நாளுக்குள்ள முறையிடலாம்.

ஓட்டை இல்லாமலா? தரையில ஓடுற ஆம்புலன்ஸை விட்டுட்டாங்க, ஹெலிகாப்டருக்கு மட்டும் பாதுகாப்பு! இன்ஷூரன்ஸ் உள்ளவங்களுக்கும் முன்கூட்டியே கணக்கு காட்டணும்னு சட்டத்துல எழுதியிருக்கு. அமலாக்கத்தைத்தான் தள்ளி வச்சாங்க.

சரி, அம்மா கதைக்கு வருவோம். ஸ்கேன் முடிஞ்சு மூணு வாரத்துல பில் வந்துச்சு. 1,140 டாலர். பக்குனு ஆச்சு. அப்புறம்தான் மெயில்ல தேடினேன். அப்பாயிண்ட்மெண்ட் போட்டப்பவே மதிப்பீடு வந்து கிடக்கு, நான் திறந்துகூடப் பாக்கல. 620 டாலர். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் என் இன்பாக்ஸ்லயே இருந்திருக்கு!

போன் போட்டேன். "உங்க மதிப்பீடு கையில இருக்கு, 520 டாலர் கூடுதல், முறையீடு பண்ணப் போறேன்"னேன். ரெண்டு தடவை காத்திருக்க வச்சாங்க. நாலு நாள்ல திருத்தின பில் வந்துச்சு. 620.

பெருமையா அம்மாகிட்ட காட்டினேன். மனசுக்குள்ளயே ரூபாய்க்கு மாத்திப் பாத்துட்டு, "இதுவே அநியாயம்டா"ன்னுட்டாங்க.

அதுவும் சரிதான். எழுதிக் கொடுத்த விலையை மீறக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது, அந்த விலை நியாயமான்னு அது கேக்கல. அந்தக் கேள்வி இன்னும் பாக்கி.

உங்க வீட்டுக்கும் அம்மா அப்பா வர்றதா இருந்தா, மதிப்பீட்டை எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. வந்த மெயிலைத் திறந்தும் பாருங்க.