இருப்புப்பாதை ஈன்ற ஊர்

ஆற்றங்கரையில் தோன்றிய ஊர்கள் உண்டு; கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் உண்டு; கோட்டை மதிலுக்குள் பிறந்த நகரங்களும் உண்டு. நாம் வாழும் கரக்பூரோ இருப்புப்பாதை ஈன்ற ஊர். இதன் வரலாற்றை நம் இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் ஒரு சில செய்திகளை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

1887 இல் தோன்றிய வங்காள-நாகபுரி ரயில்வே கம்பெனி, 1891 இல் நாகபுரியை அசன்சோலுடன் இணைத்தது. பின்னர்க் கல்கத்தாவுக்கு நேர்வழி வேண்டுமென்று கருதி, மிதுனாபுரி மாவட்டத்தின் செம்புறை மேட்டு நிலத்தின் வழியே பாதை அமைத்தது. மேற்கே நாகபுரி, தெற்கே கட்டாக், கிழக்கே ஹௌரா என மூன்று திசைப் பாதைகள் கூடும் இடமாகக் கரக்பூர் என்னும் சிற்றூர் அமைந்தது. 1900 இல் ரூபநாராயண் ஆற்றின்மேல் பாலம் முடிந்தபோது, ஏறத்தாழ 116 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹௌராவுக்கு வண்டிகள் தடையின்றி ஓடின. அவ்வாண்டிலேயே கோதாவரிப் பாலமும் திறக்கப்பட்டது. கல்கத்தாவும் சென்னையும் கடற்கரை வழியே கைகோத்தன. தென்னாட்டார் இங்கு வந்து சேர வழி திறந்ததும் அப்போதுதான்.

கம்பெனி இங்கே பெரும் பட்டறையை நிறுவியது. எஞ்சினும் பெட்டியும் பழுதுபார்க்கக் கொல்லரும், கடைசல் பிடிப்போரும், கணக்கரும் தேவைப்பட்டனர். வங்காளியர், ஒரியர், தெலுங்கர், பீகாரிகள், ஆங்கிலோ-இந்தியர், தமிழர் எனப் பலரும் வந்தனர். ஊர் என்பது அந்நாளில் குவார்ட்டர்சும் கடைத்தெருவுமே. வீடு கம்பெனியுடையது, வேலை உள்ளவரைதான் கூரை. வேலை போயின் ஊரும் போகும்.

இதனை உணர்ந்தால்தான் 1927 ஆம் ஆண்டின் போராட்டம் நமக்கு விளங்கும். ஆட்குறைப்பை எதிர்த்துக் கரக்பூர்த் தொழிலாளர் அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்தனர். பின்னாளில் 1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி அத்தொழிலாளர் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். கூலிக்காக மட்டுமன்று, இம்மண்ணில் நிலைத்து வாழும் உரிமைக்காகவும் நிகழ்ந்த போராட்டமாகவே நாம் அதனைக் கருதுகின்றோம்.

அருகிலுள்ள ஹிஜ்லியின் கதையும் நினைவுகூரத் தக்கது. அங்கிருந்த தடுப்புக்காவல் முகாமில் 1931 செப்டம்பர் 16 அன்று காவலர் சுட்டதில், ஆயுதமற்ற கைதிகளாகிய சந்தோஷ்குமார் மித்ராவும் தாரகேசுவர் சென்குப்தாவும் உயிர் நீத்தனர். அச்சிறைக் கட்டடத்திலேயே 1951 இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கி வைக்கப்பட்டது. சிறை கல்விக்கூடமாயிற்று. அதனால் பட்டறைத் தொழிலாளரோடு ஆசிரியரும் மாணவரும் இவ்வூருக்கு வந்து சேர்ந்தனர்.

கம்பெனி 1944 இல் அரசின் கைக்கு மாறியது. 1955 இல் தென்கிழக்கு ரயில்வே பிறந்தது. இங்குள்ள 1,072 மீட்டர் நீளப் பிளாட்பாரம், 2013 இல் கோரக்பூர் முந்தும் வரை, உலகிலேயே நீளமானது என்னும் புகழைப் பெற்றிருந்தது.

பாலங்களுக்கும் பிளாட்பாரங்களுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. ஆனால் சம்மட்டி பிடித்தவர், விளக்குக் காட்டியவர், அவர்தம் இல்லத்தரசியர் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்சைக் காலி செய்தபோது அவர்தம் நினைவும் உடன் சென்றது. ஆகவே நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தம் முன்னோர் எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வேலைக்கு வந்தனர் என்பதைப் பெரியோரிடம் கேட்டெழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம். அவற்றையெல்லாம் திரட்டி நம் சங்க மலரில் வெளியிட்டால், பிறர் கட்டிய வீட்டில் குடியிருந்த நமக்கும் இவ்வூரின் வரலாற்றில் சொந்தமாக ஓர் இடம் கிடைக்கும்.