புதுச்சேரியின் பைபிள் பரீட்சை: புத்தகத்துக்கு முன்னால் வந்த கேள்விகள்

முன்னுரை

பைபிளில் பொது அறிவைச் சோதிக்க மூன்று எளிய கேள்விகள்.

1. குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர்?
2. ஆதாமும் ஏவாளும் தின்ற பழம் என்ன பழம்?
3. நோவாவின் பேழையில் சுத்தமான மிருகங்கள் வகைக்கு எத்தனை ஏற்றப்பட்டன?

மூன்று பேர், ஆப்பிள், ஒரு ஜோடி என்று சொன்னால் மூன்று பதில்களுமே தவறு. மத்தேயு ஞானிகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தான் மூன்று. ஆதியாகமம் பழத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. சுத்தமான மிருகங்கள் ஏழு ஏழாகச் சேர்க்கப்பட்டன என்று அதே புத்தகத்தின் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது.

இந்தக் கேள்விகளில் தடுக்கி விழுபவர்களில் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பைபிள் தெரியாது என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர்கள் பைபிளை எந்த வழியாகக் கற்றார்கள் என்று பார்த்தால் இது சிரிக்கிற விஷயம் அல்ல. கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களின் சுரூபங்களைத்தான் வைக்கிறார்கள். கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் படித்த கதை அது. புதுச்சேரியில் பல தலைமுறைகள் புத்தகத்தைத் தொடாமலே பைபிள் பரீட்சையில் தேறி வந்தன.

பைபிளைவிடப் பழைய கேள்வி-பதில்

தமிழில் பைபிள் அச்சாவதற்கு ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்கு முன்பே கேள்வி-பதில் புத்தகம் அச்சாகிவிட்டது.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். விசுவாச மந்திரம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் சொல்லச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அன்றிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூலை அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமாக இன்று அறியப்படுவது இதுதான். அடுத்த ஆண்டு, 1579-ல், கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய நூலின் தமிழாக்கம் இது. இதன் அமைப்பு முழுக்கக் கேள்வியும் பதிலும்தான்.

தமிழ்க் கத்தோலிக்கர் இவ்வகை நூலைக் 'குறிப்பிடம்' என்று அழைத்தார்கள். சிறுவர்களுக்குச் சின்னக் குறிப்பிடம், தேறியவர்களுக்குப் பெரிய குறிப்பிடம். உலகம் படைக்கப்பட்டது முதல் கடைசித் தீர்வை வரை எல்லாம் அதில் கேள்வியாகவும் பதிலாகவும் அடங்கியிருந்தது. பதிலை ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்க வேண்டும்.

கேள்வி, பதில் இரண்டும் புத்தகத்திலேயே இருந்ததால், கற்பவர் தன் சொந்தக் கேள்வி எதையும் கேட்க வேண்டிய அவசியமே அதில் வரவில்லை.

சம்பா கோவில் நகரத்தில்

1674-ல் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் ஊராக வளரத் தொடங்கியது. ஐரோப்பியரின் ஆன்ம காரியங்களைக் கப்புச்சின் குருக்களும், தமிழ்க் கிறிஸ்தவர்களின் காரியங்களைச் சேசு சபையாரும் கவனித்தார்கள். அந்தப் பிரிவினை இன்றும் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. கப்புச்சின்களின் கோவில் 'கப்ஸ் கோவில்'. சேசு சபையாரின் புனித பவுல் கோவில், போர்த்துக்கீசிய உச்சரிப்பு மருவி, 'சம்பா கோவில்'. இப்போதுள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயத்தைப் பெரியவர்கள் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள்.

அக்காலத்தில் பரீட்சை வைத்தவர்களில் முக்கியமானவர் உபதேசியார். குருக்கள் சிலரே, அவர்களுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஞானஸ்நானம் கேட்டு வருபவருக்கு மந்திரங்களையும் குறிப்பிடத்தையும் கற்றுக்கொடுத்து, அவர் தேறிவிட்டார் என்று குருவிடம் சொல்வது உபதேசியார் பொறுப்பு. புதுநன்மை வாங்கும் பிள்ளையும், கலியாணம் பேசிய மாப்பிள்ளையும் பெண்ணும்கூட மந்திரம் ஒப்பித்தாக வேண்டும். தவறினால் நாள் தள்ளிப்போகும். இன்றைய பைபிள் போட்டியில் தோற்றால் ஒரு பரிசு போகும். அன்றைய பரீட்சையில் தோற்றால் வீட்டு விசேஷமே நின்றது.

இத்தகைய உபதேசியார்களுக்காகவே வீரமாமுனிவர் 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அவர்களுக்குச் சமூகத்தில் செல்வாக்கும் இருந்தது. 1716-ல் புதுச்சேரியையே கலக்கிய நைனியப்பப் பிள்ளை வழக்கில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மனுவேல், சேசு சபையாரின் உபதேசியார் ஒருவரின் மகன்.

சுவரும் ஒப்பித்தலும்

ஒரே குறிப்பிடத்தை எல்லோரும் ஒப்பித்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரிக் கிறிஸ்தவக் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் மற்றச் சாதியினரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு குருவின் தூண்டுதலால் ஒடுக்கப்பட்ட மக்கள் பெரிய குருவிடம் போய் முறையிட்டார்கள். தாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, பிறகு ஏன் இந்தப் பிரிவினை என்பதுதான் அவர்கள் முறையீட்டின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

பைபிள் அறிவைச் சோதிப்பது பற்றிய கட்டுரையில் இந்தச் சுவருக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. சுவருக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் படைப்பையும் பத்துக் கட்டளைகளையும் பற்றி ஒரே பதிலைத்தான் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பதிலைச் சரியாகச் சொன்னவர்கள் சுவரைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு குருவிடம் கேள்வி கேட்டவர்கள், எந்தப் பரீட்சையிலும் இடம்பெறாத ஒரு கேள்வியைக் கேட்டார்கள். மனப்பாடம் செய்தவனுக்குப் பொருள் புரிந்ததா என்பதைக் குறிப்பிடத்தால் அளக்க முடியவில்லை. அந்தச் சுவர் அளந்து காட்டியது.

தரங்கம்பாடியின் போட்டி

புதுச்சேரிக்குத் தெற்கே, டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில், வேறொரு முறை வேர்விட்டது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-ல் அங்கேயே அச்சாயிற்று. லுத்தரன்களுக்கும் கேள்வி-பதில் நூல் உண்டு. மார்ட்டின் லுத்தர் 1529-லேயே சிறிய ஞானோபதேச நூல் எழுதியவர்தான். ஆனால் அங்கே பதிலைச் சரிபார்க்கக் கையில் மூல நூலும் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலோ, பொதுமக்கள் தாய்மொழியில் பைபிள் படிக்க 16-ஆம் நூற்றாண்டு முதல் கட்டுப்பாடுகள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அவை தளர்ந்தன. வீரமாமுனிவர் 1728-ல் எழுதிய 'வேத விளக்கம்' தரங்கம்பாடியாருக்கு எழுதிய மறுப்பு.

இந்தப் போட்டியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரத்தையும் எடுத்துப்போனார்கள். அது சென்னை வேப்பேரியிலிருந்த லுத்தரன் போதகர் பப்ரிசியுசின் கைக்கு வந்தது. தமிழ் பைபிளைத் திருத்தமாக மொழிபெயர்த்துப் புகழ்பெற்றவர் அவர். கத்தோலிக்கப் புதுச்சேரி இழந்த இயந்திரம், புராட்டஸ்டண்ட் தமிழ் அச்சுக்கு வேலை செய்தது.

புத்தகம் வந்தது

புதுச்சேரிக்குச் சொந்தமான மிஷன் அச்சகம் 1840-ல் தொடங்கியது. இதை வளர்த்தவர் துபுயி என்னும் பாரீஸ் வேதபோதக சபைக் குரு. 'தேம்பாவணி' மூன்று பாகங்களாக 1851 முதல் 1853 வரை இங்குதான் அச்சானது. 1857-ல் கத்தோலிக்கரின் தமிழ்ப் புதிய ஏற்பாடும் இங்கிருந்து வெளிவந்தது.

அச்சகத்துடன் பள்ளிக்கூடமும் வந்தது. 1844-ல் ஆயர் பொன்னான் கூட்டிய புதுச்சேரி சங்கம் கல்வியை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் துபுயி, பெண்பிள்ளைகளின் படிப்புக்காக இந்தியப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். அதுவரை காதால் கேட்டு ஒப்பித்துவந்த பெண்கள், கண்ணால் எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார்கள். பைபிள் அறிவின் வரலாற்றில் எந்த மொழிபெயர்ப்புக்கும் குறையாத மாற்றம் இது.

ஆனாலும் சாதாரணக் கத்தோலிக்க வீட்டுக்குள் பைபிள் வர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதநூல் எல்லா விசுவாசிகளுக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று சொன்னது. பூசையும் லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள்

புத்தகம் எல்லோர் கைக்கும் வந்தபின் கேள்வித்தாள் தயாரிப்பவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. சில உதாரணங்கள்:

பைபிளில் எத்தனை புத்தகங்கள்? கத்தோலிக்கர் 73 என்பார். புராட்டஸ்டண்டுகள் 66 என்பார்கள்.

களவு செய்யாதே என்பது எத்தனையாவது கட்டளை? கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் ஏழாவது. தென்னிந்தியத் திருச்சபையாருக்கு எட்டாவது.

176 வசனங்கள் கொண்ட மிக நீளமான சங்கீதம் எது? 119. ஆனால் லத்தீன் பைபிளைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பதிப்புகளின் எண் வரிசைப்படி 118.

பெயர்களும் அப்படித்தான். பழைய கத்தோலிக்கர் வாயில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர், மோயீசன். புராட்டஸ்டண்ட் வீட்டில் பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு, மோசே. வீரமாமுனிவரோ சூசையப்பரை 'வளன்' ஆக்கினார். 1995-ல் இரு சபையாரும் சேர்ந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என்ற பெயர்களை எடுத்துக்கொண்டது. அதன் பணி மையம் இருந்த திண்டிவனம், புதுச்சேரிக்கு மிக அருகில் உள்ள ஊர். பேரன் 'பவுல்' என்று எழுதி மதிப்பெண் வாங்க, பாட்டி 'சின்னப்பர்' என்று சொல்லிச் செபிக்கும் வீடுகள் இப்படித்தான் உருவாயின.

பரீட்சை போட்டியானது

உலகின் பிற இடங்களிலும் பைபிள் அறிவு மேடைக்கு வந்தது. 1958-ல் இஸ்ரேலில் நடந்த அனைத்துலக பைபிள் போட்டியில் ஆமோஸ் ஹக்காம் என்பவர் வென்றார். பார்வையற்றோர் நிறுவனம் ஒன்றில் சிறிய சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பேச்சில் திக்கல் உள்ளவர். தந்தையிடம் வீட்டிலேயே படித்தவர். ஒரே நாளில் நாடறிந்த மனிதரானார். அவர் அதோடு நிற்காமல், பின்னாளில் பைபிளுக்கு உரைநூல்கள் எழுதினார்.

நம் பக்கத்தில் கேரளக் கத்தோலிக்கரின் 'லோகோஸ்' வினாடி வினா 2000-ஆம் ஆண்டு முதல் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வாக வளர்ந்தது. புராட்டஸ்டண்ட் சபைகளில் ஞாயிறு பள்ளித் தேர்வும் மனப்பாட வசனமும், கோடை விடுமுறையில் வேதாகமப் பள்ளியும் நெடுங்கால வழக்கம். தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பங்குத் திருவிழா என்றால் பாட்டு, பேச்சுப் போட்டிகளோடு விவிலிய வினாடி வினாவும் நடக்கிறது.

முடிவுரை

மனப்பாடத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் குறிப்பிடம் முழுவதையும் நெஞ்சில் வைத்திருந்தார்கள் என்றால் அது சாதாரணக் காரியம் அல்ல. குரு வராத மாதங்களிலும், போரில் கோவில் இடிந்த ஆண்டுகளிலும் கதைகள் அழியாமல் காப்பாற்றியது அந்த ஞாபகம்தான். அந்த முறையில் இல்லாமல் போனது கற்பவரின் கேள்வி.

இன்று அந்தக் குறை தீர வழி இருக்கிறது. புத்தகம் கையில் இருக்கிறது, படிக்கவும் தெரிகிறது. ஞானிகள் எத்தனை பேர் என்று கேட்டு மதிப்பெண் போடுவதோடு, அந்த மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் மாணவர்களைத் தேடச் சொல்லலாம். கேள்வித்தாளின் கடைசியில் ஓர் இடம் விட்டு, படித்த அதிகாரத்திலிருந்து நீ ஒரு கேள்வி கேள் என்று எழுதலாம். 1745-ல் குருவிடம் முறையிடப் போனவர்கள் செய்தது அதைத்தான். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரிந்திருக்காது.