குண்டா, பிரிவா? எது பெரிய பயம்?

ரெண்டாம் உலகப் போர்னா நாம ஹிட்லர், சர்ச்சில்னு பேசுவோம். அந்தச் சமயத்துல குழந்தைங்க மனசுல என்ன நடந்துச்சுன்னு பேசறது குறைவு. அதான் இந்தப் பதிவு.

1939 செப்டம்பர் 1. பிரிட்டன் நகரங்கள்ல இருந்து குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. சில நாள்லயே சுமார் 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தாங்க. சின்னக் கைக்குழந்தைங்க அம்மாவோட போச்சு. பள்ளிக்கூடப் பசங்க கழுத்துல பேர் எழுதின அட்டையோட, டீச்சர் கூட ரயிலேறினாங்க. அரசாங்கத்துக்கு ஒரே கணக்குதான்: உயிர் தப்பணும். தப்பான கணக்கும் இல்ல. அடுத்த வருஷம் செப்டம்பர்ல லண்டன் மேல குண்டுமழை நிஜமாவே ஆரம்பிச்சுது.

ஆனா ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு. உயிர் பிழைச்ச குழந்தையோட மனசு?

இதை உட்கார்ந்து கவனிச்சவர் அன்னா ஃப்ராய்ட். ஆமாங்க, சிக்மண்ட் ஃப்ராய்டோட மகளேதான். நாஜிகளுக்குத் தப்பி 1938ல வியன்னாவுல இருந்து லண்டன் வந்தவர். தோழி டோரதி பர்லிங்காமோட சேர்ந்து 1941ல ஹாம்ப்ஸ்டெட்ல போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். செலவுக்குப் பணம் அமெரிக்காவுல இருந்து வந்துச்சு.

அங்க அவங்க பாத்தது அன்னிக்கு எல்லாரையும் அசர வெச்சிருக்கும். குண்டு விழுந்த வீட்டுல இருந்து வந்த பிஞ்சுங்க கூட, அந்த நேரத்துல அம்மா பக்கத்துல இருந்திருந்தா ஓரளவு தாங்கிக்கிச்சு. அம்மாவைப் பிரிஞ்சு பத்திரமான இடத்துக்கு வந்ததைத்தான் தாங்க முடியல.

அப்போ அம்மா கூட இருந்தா போதுமா? அதுவும் இல்ல. ஒரு அம்மா, சைரன் அடிச்சா நடுங்கிக்கிட்டே வாசல்ல நிப்பாங்களாம். அஞ்சு வயசுப் பையனையும் எழுப்பி, டிரெஸ் மாட்டி, கையைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நிக்க வைப்பாங்க. அவனுக்குப் படுக்கையை நனைக்கிற பழக்கம் வந்துடுச்சு. காப்பகத்துக்கு வந்தப்புறம் அதே குண்டுச் சத்தத்துக்கு அவன் பெருசா பயப்படல! குழந்தை குண்டைப் பாக்கறதில்லைங்க, அம்மா முகத்தைத்தான் பாக்குது.

இதைப் புரிஞ்சுக்கிட்டு அவங்க ரெண்டு விஷயம் செஞ்சாங்க. பெத்தவங்க எந்நேரமும் வந்து பாக்கலாம், தடை இல்ல. அப்புறம், எல்லா ஆயாவும் எல்லாக் குழந்தையையும் பாக்கறதை நிறுத்தி, நாலஞ்சு பிள்ளைக்கு ஒரு ‘அம்மா’ன்னு பிரிச்சாங்க. ஆரம்பத்துல ஒரே பொறாமை, அழுகை, அடிதடி. கொஞ்ச நாள்ல பேச்சு, பழக்கவழக்கம் எல்லாம் வேகமா முன்னேறிச்சு.

கதை இங்க முடியல. அந்தக் காப்பகத்துல கொதிகலன் பாத்துக்க வந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போருக்கு அப்புறம், 1952ல, தனியா ஆஸ்பத்திரியில விடப்பட்ட ரெண்டு வயசுக் குழந்தையைப் பத்தி ஒரு படம் எடுத்தார். டாக்டருங்க பல பேர் கடுப்பானாங்க. ஆனா 1959ல பிளாட் கமிட்டி, பெத்தவங்களைத் தடையில்லாம அனுமதிக்கணும்னு பரிந்துரை செஞ்சுது.

நம்மூர் ஆஸ்பத்திரியில பாயை விரிச்சு குழந்தை கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கற அம்மாக்களைப் பாத்திருப்பீங்க. அதுக்காக அங்க ஒரு போரே நடக்க வேண்டியிருந்துச்சு.

வெள்ளமோ போரோ, முகாம்ல சோறும் போர்வையும் எண்ணிக் குடுக்கறோம். குழந்தை கையை யாரு பிடிச்சிருக்கா, அந்தக் கை நடுங்குதான்னும் பாக்கணும். நீங்க என்ன நினைக்கறீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.