ஜிபிஎஸ் கொண்ட கையடக்க ஹாம் வானொலி: கிள்ளான் பள்ளத்தாக்கு

ஜிபிஎஸ் கொண்ட கையடக்க ஹாம் வானொலி என்பது பேச்சோடு நில்லாமல், தான் இருக்கும் இடத்தையும் குறுஞ்செய்திகளையும் தரவாக அனுப்பிப் பெறும் அமெச்சூர் வானொலிக் கருவி. பார்வைக்கு வாக்கி டாக்கி போலிருக்கும். ஆனால் உரிமம் பெற்ற ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள், மட்டுமே இதை இயக்கலாம். கைப்பேசிக் கோபுரமோ இணையமோ இல்லாத இடத்திலும் இரு கருவிகள் நேரடியாகத் தொடர்புகொள்ள முடியும் என்பதே இதன் தலையாய சிறப்பு. மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையே, வெள்ளம் வந்துபோகும் சமவெளியில் அமைந்த மலேசியாவின் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளுக்கு இச்சிறப்பு மிகவும் பொருந்துகிறது.

செயல்படும் விதம்

கருவிக்குள் மூன்று பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன. ஜிபிஎஸ் ஏற்பி, ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிகளைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறது. தரவு மோடம் அந்த இடத்தையும் அழைப்புக் குறியையும் சிறு பொட்டலமாகக் கட்டுகிறது. பொதுவாக 5 வாட் வரை திறனுள்ள அலைபரப்பி அதை வானில் விடுகிறது.

இதற்குப் பெரிதும் பயன்படும் முறை ஏபிஆர்எஸ். 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரு ஒலிகளை மாற்றி மாற்றி ஒலித்து, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் தரவை அனுப்பும் முறை இது. இன்றைய கணக்கில் இது மிகக் குறைந்த வேகம். ஆயினும் ஓர் இட அறிக்கைக்கு ஒரு நொடியோ அதற்கும் குறைவோ போதும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரு பாகை நிமிடத்தின் நூறில் ஒரு பங்குவரை தரப்படுவதால், அடிப்படை வடிவத்திலேயே ஏறத்தாழ 18 மீட்டர் நுட்பம் கிடைக்கிறது. ஒரு குறுஞ்செய்தி 67 எழுத்துகளுக்கு மிகாது. இக்கருவிகளின் திரைகள் தமிழ் எழுத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே தமிழ்ச் செய்தியை உரோமன் எழுத்தில் தட்ட வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் ஏபிஆர்எஸ் அலைவரிசை 144.390 மெகாஹெர்ட்ஸ். வட அமெரிக்காவும் இதையே பயன்படுத்துகிறது. ஐரோப்பாவில் 144.800. உயரமான இடங்களில் வைக்கப்படும் டிஜிபீட்டர்கள் பொட்டலத்தைக் கேட்டு மறுபடி பரப்புகின்றன. ஐகேட் எனப்படும் நிலையங்கள் அதை இணையத்துக்குக் கொண்டுசெல்கின்றன. இதனால் ஒருவரின் நகர்வை ஏபிஆர்எஸ் வரைபடத் தளங்களில் எவரும் காணலாம். அழைப்புக் குறியை அடுத்து வரும் எண் நிலையத்தின் வகையைச் சொல்கிறது. வழக்கத்தில் 7 என்பது கையடக்கக் கருவி, 9 என்பது வாகனம்.

வரலாறு

ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் பணியாற்றிய பாப் புரூனிங்கா. 1980களில் தொடங்கிய முயற்சிகள் 1992-ல் ஏபிஆர்எஸ் என்ற பெயருடன் ஹாம்களிடம் வந்தன. வரைபடத்தில் வண்டிகளைக் காட்டுவது மட்டும் அவர் நோக்கமன்று. சுற்றிலும் நடப்பதை எல்லோரும் ஒரே அலைவரிசையில் உடனுக்குடன் அறிய வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது. அவர் 2022-ல் காலமானார்.

1990களின் இறுதியில் கென்வுட் நிறுவனம் வெளியிட்ட டிஎச்-டி7, தரவு மோடத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. ஜிபிஎஸ் ஏற்பியைத் தனியே கம்பியில் இணைக்க வேண்டியிருந்தது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறியில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா மே 2000-ல் நீக்கியதும் இட நுட்பம் வெகுவாக உயர்ந்தது. யேசு நிறுவனத்தின் விஎக்ஸ்-8ஆர் ஜிபிஎஸ்ஸை இணைப்புத் துணையாகத் தந்தது. அதன் வழிவந்த விஎக்ஸ்-8ஜிஆர் அதை உள்ளேயே அடக்கியது. 2010-ல் வெளிவந்த கென்வுட் டிஎச்-டி72 தனித்து டிஜிபீட்டராகவும் இயங்கும். பின்னர் வந்த டிஎச்-டி74, டிஎச்-டி75 இரண்டும் ஏபிஆர்எஸ்ஸுடன் டி-ஸ்டார் இலக்கமுறைப் பேச்சையும் சேர்த்தன. ஐகாம் நிறுவனத்தின் ஐடி-51, ஐடி-52 டி-ஸ்டார் வழியே இடத்தை அனுப்புகின்றன. யேசுவின் எஃப்டி1டி முதல் எஃப்டி5டி வரையிலானவை சி4எஃப்எம் என்ற இலக்கமுறைப் பேச்சையும் ஏபிஆர்எஸ்ஸையும் தாங்குகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நில அமைப்பு

144 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதை மறிக்கிறது. மேற்கே கிள்ளான் வரை தரை தாழ்ந்து தட்டையாகிறது. கெந்திங் பகுதியிலுள்ள 1,772 மீட்டர் உயர உலு காலி போன்ற சிகரத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி விரிந்து கிடக்கும். டிஜிபீட்டருக்கு ஏற்றவை இத்தகைய இடங்களே. பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சூழ்ந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே வானொலி அலையும் ஜிபிஎஸ் குறியும் தடைபடும். மொட்டை மாடிக்கோ திறந்தவெளிக்கோ வந்தால் நிலைமை மாறும்.

2021 டிசம்பர் 18 அன்று கொட்டித் தீர்த்த மழையில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான், உலு லங்காட் பகுதிகளும் மூழ்கின. மக்கள் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் உதவிக்குக் காத்திருந்தனர். மின்சாரம் போனால் கைப்பேசியின் மின்கலமும் கோபுரத்தின் சேமிப்பு மின்சாரமும் அடுத்தடுத்துத் தீர்ந்துபோகும். அத்தகைய நேரத்தில் சரியான இடத்தைத் தானே சொல்லும் கருவி, மீட்புப் படகின் நேரத்தை மிச்சப்படுத்தும். தெருப்பெயர் தெரியாத தொண்டருக்கும் அது வழிகாட்டும்.

செயற்கைக்கோள் வழி

மலேசியாவின் முதல் நுண்செயற்கைக்கோளான தியுங்சாட்-1, 2000 செப்டம்பர் 26 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அமெச்சூர் வானொலிச் சாதனத்தைச் சுமந்த அது, ஹாம்களிடையே எம்ஓ-46 எனப்பட்டது. இந்தோனேசியாவின் லாபான்-ஏ2, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சென்றது. பேச்சு ரிப்பீட்டரும் 145.825 மெகாஹெர்ட்ஸில் ஏபிஆர்எஸ் டிஜிபீட்டரும் கொண்ட அதன் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு வெறும் 6 பாகை சாய்ந்தது. கோலாலம்பூர் வட அட்சரேகை 3 பாகையில் இருப்பதால், நாளுக்குப் பலமுறை கடந்துசெல்லும் செயற்கைக்கோள் அது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் டிஜிபீட்டரும் அதே அலைவரிசையைச் சேர்ந்தது. மலைத்தொடர் மறைத்தாலும் வானம் திறந்திருந்தால் ஒரு கையடக்கக் கருவி இவ்வழியே தொலைவைத் தொடலாம்.

உரிமமும் விதிகளும்

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ், சைபர்ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமெச்சூர் வானொலியைக் கண்காணிக்கிறது. தேர்வில் தேறி, சான்றிதழும் அழைப்புக் குறியும் பெற்ற பிறகே அலைபரப்பலாம். தீபகற்பத்தில் அழைப்புக் குறிகள் 9எம்2, 9டபிள்யூ2 எனத் தொடங்குகின்றன. ஹாம்களின் தேசிய அமைப்பான மார்ட்ஸ், பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் உறுப்பினர். கருவிக்கு மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்று தேவை. வணிகச் செய்திகளுக்கும் பொருளை மறைக்கும் குறியாக்கத்துக்கும் இடமில்லை.

வரம்புகள்

ஒரே அலைவரிசையை அனைவரும் பகிர்வதால், அடிக்கடி இடத்தை அறிவிப்பவர் மற்றவர் செய்தியை அடைத்துவிடுவார். இட அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒப்புகை வராது. தனிச் செய்திக்கு மட்டுமே ஒப்புகை உண்டு. அனுப்புவது யாவர்க்கும் தெரியும் என்பதால் வீட்டு இருப்பிடத்தை வெளியிட விரும்பாதவர் அறிவிப்பை நிறுத்திவைப்பது நல்லது. ஜிபிஎஸ்ஸும் தொடர் அறிவிப்பும் மின்கலத்தை விரைந்து கரைக்கும்.

இக்கருவியின் பயன் அதை வைத்திருப்பவரின் பயிற்சியையும், கேட்டு மறுபரப்ப ஆள் இருப்பதையும் பொறுத்தது. எனவே வாங்க விரும்புவோர் முதலில் தேர்வுக்குப் படித்து உரிமம் பெறட்டும். வெயில் காலத்திலேயே அக்கம்பக்கத்து ஹாம்களோடு பயிற்சி செய்து பழகட்டும். மழைநாளில் கைகொடுப்பது அந்தப் பழக்கமே.