பவுண்டு, பவுன், ராத்தல்

"மாட்டப் பவுண்டுல அடைச்சிட்டாங்க" என்று சேதி வந்தால் தேனி மாவட்டத்து வருசநாட்டில் அந்த வீடே கலங்கிப் போகும். "பொண்ணுக்குப் பத்துப் பவுன் போடுறாங்களாம்" என்று சேதி வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இரண்டும் ஒரே இங்கிலீஷ் வார்த்தையிலிருந்து வந்தவை என்று சொன்னால் ஊரில் பலர் நம்ப மாட்டார்கள். நம்பாதது நியாயம்தான். இங்கிலீஷிலேயே அவை ஒரே வார்த்தை இல்லை.

'பவுண்ட்' என்று இங்கிலீஷ்காரன் எழுதுவதற்குள் மூன்று தனித்தனி வேர்கள் ஒளிந்திருக்கின்றன. எடைக்கும் பணத்துக்கும் உள்ள பவுண்ட் லத்தீனிலிருந்து வந்தது. கால்நடையை அடைக்கும் பவுண்ட், குளத்தைக் குறிக்கும் 'பாண்ட்' என்ற சொல்லுக்கு உறவு. சுற்றி அடைத்த இடம் என்பது அதன் பொருள். இடிப்பது, குத்துவது என்ற வினைச்சொல்லான பவுண்ட் மூன்றாவது. இதற்கு மற்ற இரண்டோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலப்போக்கில் மூன்றும் தேய்ந்து ஒரே எழுத்தில் வந்து நின்றுவிட்டன. அங்கே ஒன்றாய்க் கலந்ததை இங்கே காது வைத்தே பிரித்துக்கொண்டார்கள். தங்கம் பவுன் ஆனது. மாடு அடைக்கும் இடம் பவுண்டு ஆனது. எடைக்கு இந்த வார்த்தையே வேண்டாம் என்று 'ராத்தல்' பக்கமே நின்றுவிட்டார்கள்.

இதில் ஊரை அதிகம் அழவைத்தது மாட்டுப் பவுண்டுதான்.

பயிரில் விழும் மாட்டைப் பிடித்து அடைப்பது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த வித்தை அல்ல. அவன் வருவதற்கு முன்பே அடங்காத மாட்டுக்குக் கொண்டிமாடு, பட்டிமாடு என்று பெயர் இருந்தது. அதை அடைக்கும் இடத்துக்குக் கொண்டித்தொழு என்று பெயர் இருந்தது. பயிர்க்காரரும் மாட்டுக்காரரும் ஊர் நடுவே பேசித் தீர்த்துக்கொள்ள அங்கே இடம் உண்டு. 1871-இல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தின் கீழ் அது சர்க்கார் காரியம். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். அபராதத்தோடு தீனிச் செலவையும் கட்டினால்தான் மாடு வெளியே வரும். ஏழு நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், ஊருக்கு அறிவிப்பு, அதற்குப் பிறகும் ஆள் வராவிட்டால் ஏலம். பிடித்த மாட்டை வம்பு செய்து மீட்டுக்கொண்டு போனால் ஆறு மாதம் வரை ஜெயில்.

அந்தச் சட்டத்தின் அபராத அட்டவணை படிக்கச் சுவையானது. யானைக்கு 2 ரூபாய். எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா. காளை, பசு, குதிரைக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. சட்டத்தின் கண்ணில் யானையும் 'கால்நடை'தான். வருசநாட்டு மலையிலிருந்து ராத்திரியில் இறங்கி வாழையை முறிக்கும் யானைக்கு இது பொருந்தாது; சொந்தக்காரன் இருக்கிற யானைக்குத்தான் இரண்டு ரூபாய்.

தலைக்கு நாலணா என்றால் சின்னக் காசு போலத்தான் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்து மாடு ஒற்றையாய் மேய்கிற மாடு அல்ல. மலைமாடு என்று சொல்லப்படும் இந்த இனம் கூட்டமாக மலையேறி, காட்டிலேயே மாதக்கணக்கில் மேய்ந்து, அறுப்பு முடிந்ததும் கீழே இறங்கி வயலில் கிடை அமரும். பாலுக்காக வளர்க்கிற மாடு இல்லை. சாணிக்கும் உழவுக் காளைக்கும்தான். அதன் சாணி மலை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்கள் வரைக்கும் போகிறது. ஒரு கூட்டத்தில் அறுபது உருப்படி பிடிபட்டதாக வைத்துக்கொண்டால் அபராதம் மட்டும் 240 அணா, அதாவது 15 ரூபாய். 1899-இல் சர்க்கார் ஒரு தங்கப் பவுனுக்கு நிர்ணயித்த மதிப்பும் இதே 15 ரூபாய்தான். அறுபது மாட்டைப் பவுண்டிலிருந்து மீட்க ஒரு பவுன். இந்தக் கணக்கைச் சட்டம் எழுதியவர் போட்டிருக்க மாட்டார். மாட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் போட்டிருப்பார்கள்.

வயலைவிடக் காடுதான் பெரிய வம்பாகப் போனது. 1882-இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. ஒதுக்குக்காடு என்று கல் நட்ட இடத்துக்குள் மாடு போனால், சர்க்கார் தோட்டத்தை மேய்ந்த மாடாகவே அதைக் கருதிப் பிடித்து அடைக்கலாம். நேற்று வரை மேய்ச்சல் வழியாக இருந்தது இன்று அத்துமீறல். மாட்டுக்குக் கல்லும் தெரியாது, கெஜட்டும் தெரியாது.

இத்தனைக்கும் இந்தத் தேனிப் பக்கமே அடைப்புகளின் பெயரால் ஆனது. ஆண்டிப்பட்டி, சக்கம்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று திரும்பிய பக்கமெல்லாம் பட்டிதான். பட்டி என்றால் சிற்றூர்; ஆடுமாடு அடைக்கும் இடமும் அதுவே. ஊர்ப் பெயரில் மனிதர் குடியிருப்பையும் மந்தையின் குடியிருப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. (கம்பம் மெட்டு ஏறி அந்தப் பக்கம் கேரளத்தில் இறங்கினால், மலையாளத்தில் பட்டி என்பதற்கு நாய் என்று பொருள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு.) கம்பத்தில் இன்னொரு அடைப்பும் இருக்கிறது: நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத்தொழு. நேர்ந்துவிட்ட மாடுகள் அங்கே சாமி மாடுகளாக வளர்கின்றன. மாட்டுப் பொங்கலன்று கும்பிடக் கூட்டம் அலைமோதும். தொழுவும் அடைப்பு, பவுண்டும் அடைப்பு. ஒன்றில் மாட்டைக் கும்பிட்டார்கள். இன்னொன்றில் ரசீது போட்டார்கள்.

தங்கப் பவுனின் கதை இத்தனை கசப்பானது இல்லை. 1817 முதல் லண்டனில் அச்சான 'சாவரின்' நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்ட். எடை 7.988 கிராம், 22 காரட். நாணயத்தின் பெயரிலிருந்து சவரனும் மதிப்பின் பெயரிலிருந்து பவுனும் தமிழுக்கு வந்தன. பத்திரிகை விலைப்பட்டியலில் சவரன் என்று இருக்கும்; கல்யாணப் பேச்சில் பவுன்தான். 'பொன்' என்ற சொல்லுக்குப் பவுன் ஓசையில் பக்கத்து வீடு என்பதாலோ என்னவோ, வேற்றுச் சரக்கு என்ற வாசனையே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. நாணயம் புழக்கத்திலிருந்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எடை மட்டும் எட்டு கிராமாக உருட்டப்பட்டு நகைக்கடைத் தராசில் நிற்கிறது. காது வடிந்த கிழவிகளின் தண்டட்டியையும் ஊர் இந்தக் கணக்கில்தான் பேசியது. லண்டன் பவுண்டுக்கும் தேனிக் கடைவீதிப் பவுனுக்கும் வித்தியாசம் 12 மில்லிகிராம்தான்.

எடையில் கதை வேறு பக்கம் திரும்புகிறது. இங்கிலீஷ் பவுண்ட் இங்கே வந்தபோது அந்த நாற்காலியில் ராத்தல் உட்கார்ந்திருந்தது. அது அரபியில் 'ரத்ல்'. அரபிக்கு அது கிரேக்கத்து 'லித்ரா'விலிருந்து போனது. லித்ராவுக்கு நெருங்கிய சொந்தம் லத்தீனின் 'லிப்ரா'. பவுண்ட் பணத்தைக் குறிக்க இன்றும் எழுதப்படும் அந்தச் சுழித்த 'எல்' எழுத்து லிப்ராவின் முதலெழுத்துதான். ரோமானியர்கள் எடையைச் சொல்லும்போது 'லிப்ரா போண்டோ' என்று சேர்த்துச் சொன்னார்கள். அதில் பின்பாதியை இங்கிலீஷ்காரன் வைத்துக்கொண்டு பவுண்ட் ஆக்கினான். முன்பாதியின் கிரேக்கத்துப் பங்காளி அரபிக் கப்பலேறி ராத்தலாக வந்து இறங்கியது. பங்காளிகள் இருவரும் தமிழ்க் கடைத்தெருவில் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள், ஒருவரையொருவர் தெரியாமலேயே. பால் அளக்கும் லிட்டரும் அதே லித்ராவின் வாரிசு என்பது உபரிச் செய்தி.

1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் கிலோ படிப்படியாகப் புகுந்ததும் ராத்தல் கடையை விட்டுப் போனது. இலங்கையில் இன்னும் போகவில்லை. 450 கிராம் பாணை, அதாவது ரொட்டியை, அங்கே ஒரு றாத்தல் பாண் என்றுதான் கேட்கிறார்கள். இங்கே அது ஓர் இடத்தில் மட்டும் ஒளிந்து உயிரோடிருக்கிறது. ஆண்டிப்பட்டியை ஒட்டிய சக்கம்பட்டி நெசவுக்குப் பெயர்போன ஊர். அங்கே நூலை நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள்: நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர். அந்த நம்பருக்குப் பொருள், ஒரு ராத்தல் எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பது. நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு ராத்தல் பஞ்சில் 33,600 கெஜம், அதாவது 30 கிலோமீட்டருக்கு மேல் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பில் கிலோவில் போடுகிறார்கள், அகலத்தைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். நூலின் உடம்பை மட்டும் இன்றும் ராத்தல்தான் அளக்கிறது.

மூன்றாவது பவுண்ட், இடிக்கிற பவுண்ட், மலையேறி வந்தும் தமிழில் குடியேறவில்லை. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது. சுர்க்கி என்பது செங்கல் இடித்த தூள். இஞ்சினியர்கள் வாயில் அந்த வினைச்சொல் வராமல் இருந்திருக்காது. ஆனால் இடிக்க, குத்த, நுணுக்க, பொடிக்க என்று உரல் வைத்திருக்கிற வீட்டில் சொல்லுக்கா பஞ்சம்? கடன் வாங்க அவசியம் இல்லாததை யாரும் வாங்கவில்லை.

மாட்டுப் பவுண்டு ஊர்களில் மெல்லச் செத்தது. டிராக்டர் வந்தது, உழவுமாடு குறைந்தது, அடைக்க ஆளும் இல்லை, மாடும் இல்லை. காட்டில் மட்டும் வழக்கு முடியவில்லை. 2021-இல் வருசநாட்டு மலைகளையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. வருசநாட்டு மலைமாட்டுக்காரருக்கு அந்தச் சுருக்கத்தால் பெரிய ஆறுதல் இல்லை. அவருடைய மாடு ஏறுகிற மலைதான் காப்பகம்.