முத்திரையிட்ட மாதிரி: எரிபொருள் தர வழக்குகளின் சிறு வரலாறு

சரக்கின் தரத்துக்கு விற்றவரே பொறுப்பு என்பது வணிகச் சட்டத்தின் பழைய எதிர்பார்ப்பு. வாங்குபவர் தம் தேவையைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அத்தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பதை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தன் 16ஆம் பிரிவில் உள்ளுறை நிபந்தனையாக வைத்தது. தரம் குறைந்தால் வாங்கியவர் வழக்காளி, விற்றவர் எதிர்வழக்காளி. இந்தியப் பெட்ரோல் வணிகத்தில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே அமைந்தது. எரிபொருளை விற்ற எண்ணெய் நிறுவனம் குற்றம் சாட்டும் இடத்தில் நின்றது. அதை விலை கொடுத்து வாங்கிய முகவர் தம்மைக் காத்துக்கொள்ளும் இடத்தில் நின்றார். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, நிறுவனம், சட்டம், வேதியியல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நிறுவனம். முகவருக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் இடையிலான உறவு வெறும் கொள்முதல் உறவன்று. கிடங்கிலிருந்து டேங்கர் லாரியில் வரும் எரிபொருள், நிலத்தடித் தொட்டியில் இறக்கப்பட்டபின் முகவரின் சரக்காகிறது. ஆனால் தொட்டியும் விநியோகக் கருவியும், பல இடங்களில் நிலமும்கூட, நிறுவனத்துக்கே உரியவை. முகவர் அவற்றைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர் மட்டுமே. ஆகவே தரம் பற்றிய தகராறு எழுந்தால் நிறுவனத்தின் கையில் இழப்பீட்டுக் கோரிக்கையைவிட வலிய கருவி ஒன்று இருந்தது: வழங்கலை நிறுத்துவது, முகவாண்மையை ரத்து செய்வது.

எஸ்ஸோ 1974இலும், பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவை 1976இலும் அரசுடைமையாயின. அதன் சட்ட விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 1980இல் சோம் பிரகாஷ் ரேகி வழக்கில், பாரத் பெட்ரோலியம் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் உறுப்பின் பொருளில் ‘அரசு’ என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது ஓர் ஊழியரின் ஓய்வூதியம் பற்றிய வழக்கு. ஆயினும் முகவர்களுக்கும் அது ஒரு கதவைத் திறந்தது. எதிரில் நிற்பது அரசு எனில், அதன் முடிவை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை வழியாகக் கேள்வி கேட்கலாம். மசகெண்ணெய் வழங்கல் நிறுத்தப்பட்டதை எதிர்த்த மகாவீர் ஆட்டோ ஸ்டோர்ஸ் வழக்கில், ஒப்பந்த உறவிலும் இந்தியன் ஆயில் நியாயமாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

அதே ஆண்டிலேயே எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. அமிர்தசரஸ் எரிவாயு முகவாண்மை வழக்கில், ஒப்பந்தம் 30 நாள் அறிவிப்புடன் முடித்துக்கொள்ளக் கூடியது என்பதால், ரத்து தவறானதாக இருந்தாலும் முகவாண்மையைத் திரும்ப அளிக்க இயலாது. அந்த 30 நாளுக்குரிய இழப்பீடே கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தச் சட்டத்தின் வழியில் சென்றால் ஒரு மாத வருவாய். நீதிப்பேராணையின் வழியில் சென்றால் முகவாண்மையே திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குப் பிந்தைய வழக்குகளில் முகவர்கள் ஏன் உயர் நீதிமன்றத்தை நாடினர், நிறுவனங்கள் ஏன் ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் விதியைச் சுட்டிக்காட்டின என்பது இதனால் விளங்கும்.

இதற்கிடையே கலப்படம் பொதுச் சிக்கலாக வளர்ந்தது. நியாயவிலைக் கடைகளுக்கான மானிய மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையிலிருந்த விலை வேறுபாடே அதன் முதன்மைக் காரணம். இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் 1990, 1998, 2005 ஆகிய ஆண்டுகளில் முறைகேடு தடுப்பு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு ஆணையில் கலப்படத்தின் வரையறை இரண்டு கூறுகளைக் கொண்டது. அயற்பொருள் ஒன்று சட்டவிரோதமாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன் விளைவாக எரிபொருள் இந்தியத் தரநிலையிலிருந்து பிறழ்ந்திருக்க வேண்டும். ஆய்வக அறிக்கை இரண்டாம் கூறை மட்டுமே காட்ட வல்லது. முதற்கூறை, அதாவது யார் சேர்த்தார், எங்கே சேர்த்தார் என்பதை, அது சொல்வதில்லை.

இங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது. பெட்ரோலின் அடர்த்தி 15 பாகை செல்சியஸில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம் என்று தரநிலை இடமளிக்கிறது. இவ்வளவு அகன்ற எல்லைக்குள், அளவறிந்து கலப்பவர் பிடிபடாமல் நிற்க முடியும். ஆகவே நடைமுறையில் தரநிலையைவிட ஒப்பீடே முதன்மை பெற்றது. கிடங்கில் பதிவான அடர்த்தியும் விற்பனை நிலையத்தில் அளக்கப்படும் அடர்த்தியும் 3 அலகுக்கு மேல் வேறுபட்டால் ஐயம் எழும். ஒப்பிடுவதற்கு டேங்கர் லாரியிலிருந்து எடுத்துப் பாதுகாக்கப்பட்ட மாதிரி வேண்டும். அந்த மாதிரி இல்லையேல், எரிபொருள் வரும்போதே கெட்டிருந்ததா, வந்தபின் கெடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு விடையில்லை.

தில்லிக் காற்று மாசு வழக்கின் தொடர்ச்சியாக, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2002இல் அளித்த ஆய்வறிக்கை இதைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. விற்பனை நிலையங்களோடு கிடங்குகளையும் டேங்கர் லாரிகளையும் அது ஆய்வுக்கு உட்படுத்தியது. வழக்கமான தரநிலைச் சோதனைகள் கலப்படத்தைக் கண்டறியப் போதுமானவை அல்ல என்பது அதன் முக்கிய முடிவு. சோதனையில் தேறிய எரிபொருள் தூய்மையானது என்று கொள்ள இயலாது என்றால், தேறாத எரிபொருளை முகவரே கெடுத்தார் என்றும் உடனே கொள்ள இயலாது.

அதே 2002இன் இறுதியில், மாதிரி தேறவில்லை என்பதற்காக முகவாண்மை ரத்தான ஹர்பன்ஸ்லால் சாஹ்னியா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நடுவர் விதி இருப்பதாலேயே நீதிப்பேராணை மனுவைத் தள்ளிவிட முடியாது. முகவரின் வாழ்வாதாரமே பொருத்தமற்ற, இல்லாத காரணத்தால் பறிக்கப்பட்டிருக்கிறது என்று கூறி ரத்து நீக்கப்பட்டது. மாற்றுத் தீர்வு இருந்தும் நீதிப்பேராணை எப்போது செல்லும் என்பதற்கு இன்றும் மேற்கோளாகும் இத்தீர்ப்பு பிறந்தது ஒரு பெட்ரோல் நிலையத்தில் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வரலாற்றை முகவரின் பக்கமிருந்து மட்டும் எழுதிவிட முடியாது. 2005 நவம்பர் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கீரி மாவட்டத்தில், இந்தியன் ஆயில் விற்பனை அலுவலர் மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். கலப்படத்துக்காக முன்பு மூடப்பட்டிருந்த நிலையம் ஒன்றை மீண்டும் ஆய்வு செய்யச் சென்றவர் அவர், வயது 27. அந்நிலைய உரிமையாளரின் மகனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் மகாராட்டிரத்தின் மன்மாட் அருகே, எரிபொருள் திருட்டைத் தடுக்க முயன்ற கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே எரித்துக் கொல்லப்பட்டார். மாதிரி எடுக்கச் செல்லும் அலுவலரின் உயிரும், மாதிரி தேறாத முகவரின் பிழைப்பும் ஒரே குடுவையில் அடைபட்டிருந்தன.

மஞ்சுநாத் கொலையுண்ட அடுத்த மாதம் வெளிவந்த 2005ஆம் ஆண்டு ஆணை, மாதிரி எடுக்கும் முறையை நுணுக்கமாக வகுத்தது. பெட்ரோலாயின் ஒரு லிட்டர் வீதம் ஆறு மாதிரிகள்: இரண்டு முகவரிடம், இரண்டு நிறுவனம் அல்லது துறையிடம், இரண்டு ஆய்வகத்துக்கு. 10 நாளுக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகம் 20 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். இப்பங்கீடு ஒரு நீதிக் கோட்பாட்டின் பருவடிவம். குற்றம் சாட்டுபவரிடம் உள்ள அதே சான்று, குற்றம் சாட்டப்பட்டவரிடமும் முத்திரையுடன் இருக்கிறது.

2010இல் சூப்பர் ஹைவே சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை மேலும் தெளிவாக்கியது. முகவரோ அவர் சார்பாளரோ உடனிருக்கும்படி, சோதனை பற்றிய முன்னறிவிப்பு அவரை உரிய காலத்தில் சென்றடைய வேண்டும். முகவாண்மை ரத்து கடுமையான நடவடிக்கையாதலால் வழிகாட்டு நெறிகளை முழுமையாகப் பின்பற்றியாக வேண்டும் என்று அது கூறி, இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

இவ்வழக்குகளில் நீதிமன்றங்கள் எரிபொருள் தூய்மையானதா என்று தீர்ப்பளிக்கவில்லை. அது அவற்றால் இயலும் செயலும் அன்று. முத்திரை, கையொப்பம், அறிவிப்பு, நாட்கணக்கு ஆகியவற்றையே அவை அளந்தன. நடைமுறைப் பிழையால் உண்மைக் கலப்படக்காரர் தப்பலாம் என்ற குறை இதில் உண்டு. ஆனால் விற்பவரே சோதிப்பவராகவும் தண்டிப்பவராகவும் இருக்கும் அமைப்பில், நடைமுறையன்றி முகவருக்கு வேறு காப்பு இருக்கவில்லை.

எத்தனால் கலப்பு இக்கேள்வியை இப்போது புதிய வடிவில் எழுப்புகிறது. 2022இல் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு, 2025இல் 20 விழுக்காடாயிற்று. எத்தனால் நீரை ஈர்க்கும். நிலத்தடித் தொட்டியில் நீர் புகுந்தால் அதனுடன் கலந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அவ்வாறு கெட்ட எரிபொருளில் அயற்பொருளைச் சேர்த்த கை எதுவும் இல்லை. நீர் லாரியில் வந்ததா, தொட்டியின் மூடி வழியே இறங்கியதா, தொட்டியைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பனவே கேள்விகள். மானிய மண்ணெண்ணெயின் காலத்தில் உருவான சட்டம் குற்றவாளியைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. குற்றவாளி இல்லாத தரக்கேட்டுக்குப் பொறுப்பைப் பங்கிட, 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் கேள்விக்கே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும்: விற்றவரின் கடமை எந்த இடத்தில் முடிகிறது?