மறுப்பு குற்றக்கூறாக மாறிய வரலாறு

காதலுக்கோ மணத்துக்கோ இசையாத பெண்ணை விடாது தொடர்ந்து தொல்லை செய்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாக இடம்பெற்றது 2013ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய வழக்குகளில் பெண்ணின் மறுப்பு, குற்றத்தின் பின்னணிக் காரணமாக மட்டுமே பதிவாயிற்று. அந்தப் பழைய நிலையை, சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004இல் முடிந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

தன்னை மணக்க மறுத்த பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிய ஒருவர், பலரும் கூடிச் செய்தி பரிமாறும் யாஹூ குழுமங்களில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுத, அதை நம்பிய அந்நியர்கள் அவருக்குத் தொலைபேசியில் தொடர்ந்து தொல்லை கொடுத்தனர். பிப்ரவரியில் புகார் பெற்ற சென்னைக் காவல்துறையினர் சில நாட்களில் மும்பையில் அந்தக் கணக்கைத் தொடங்கியவரைக் கைதுசெய்தனர். வல்லுநர்களும் இணைய மையங்களை நடத்தியவர்களும் அளித்த சாட்சியங்களை ஏற்ற நீதிமன்றம் நவம்பர் 5 அன்று தண்டனை விதித்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 67ஆம் பிரிவில் கிடைத்த முதல் தண்டனை எனப் பரவலாகக் குறிப்பிடப்படும் இத்தீர்ப்பு மூன்று பிரிவுகளைச் சார்ந்திருந்தது. மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 67ஆம் பிரிவுக்கும், நற்பெயரைக் கெடுக்கப் பொய்யாவணம் புனைவதைத் தடுக்கும் தண்டனைச் சட்டத்தின் 469ஆம் பிரிவுக்கும் தலா இரண்டாண்டுக் கடுங்காவலும், பெண்ணின் நாணத்தைச் சொல்லாலோ செய்கையாலோ இழிவுபடுத்துவது பற்றிய 509ஆம் பிரிவுக்கு ஓராண்டு வெறுங்காவலும் விதிக்கப்பட்டன. பின்னவை இரண்டும் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை. ஆபாசம், போலி ஆவணம், இழிவு ஆகியவற்றைச் சட்டம் தண்டித்ததே தவிர, மறுத்த பின்னும் விடாது தொடர்ந்ததைத் தண்டிக்க அதனிடம் பிரிவு இல்லை. மாணவி ஒருவரின் மரணத்தையடுத்துத் தமிழ்நாடு 1998இல் இயற்றிய ஈவ்-டீசிங் தடைச் சட்டமும் சாலை, பேருந்து, கல்வி நிலையம் போன்ற பொது இடங்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டிருந்தது.

தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2013இல் 354டி பிரிவு சேர்க்கப்பட்டது. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாக உணர்த்திய பின்னும் அவரை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதும், அவரது இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இப்பிரிவின்படி குற்றமாயின. முதல் முறைக்கு மூன்றாண்டு வரையும், மறுமுறைக்கு ஐந்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம் என்றாயிற்று. மறுப்பு இவ்வாறு குற்றத்தின் கூறுகளுள் ஒன்றாயிற்று.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இவ்விதி அதன் 78ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. எனினும், பெண்ணின் பெயரில் போலியாக எழுதி, தொல்லை செய்யும் வேலையை அந்நியரிடம் விட்டுவிடும் 2004ஆம் ஆண்டு உத்தி இப்பிரிவின் சொற்களில் வெளிப்படையாக இடம்பெறவில்லை; அத்தகைய வழக்குகளுக்கு ஆபாசம், ஆள்மாறாட்டம், பொய்யாவணம் பற்றிய பிரிவுகளின் துணை இன்றும் தேவைப்படுகிறது.